13 மணி நேரம் சிங்கப்பூரில் காத்திருப்பு: வெளியே போய் வரலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வயது 66. கும்பகோணத்தில் இருக்கிறேன். மகளின் பிரசவத்துக்காக நானும் என் மனைவியும் மெல்பர்ன் போகிறோம். நள்ளிரவுக்கு மேல் திருச்சியில் ஏறி, காலை 7:30க்குச் சிங்கப்பூரில் இறங்குகிறோம். அடுத்த விமானம் இரவு 8:45க்குத்தான். இரண்டுமே டெர்மினல் 1 என்று டிக்கெட்டில் இருக்கிறது. ஆஸ்திரேலிய விசா வந்துவிட்டது, சிங்கப்பூர் விசா இல்லை. மனைவிக்கு முழங்கால் வலியும் சர்க்கரையும் உண்டு. நாங்கள் சைவம். பக்கத்து வீட்டுக்காரர், சென்டோசா, யுனிவர்சல் ஸ்டூடியோ, நைட் சஃபாரி எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்கிறார். மாப்பிள்ளையோ, எங்கேயும் போகாமல் ஏர்போர்ட்டிலேயே உட்காருங்கள் என்கிறார். எங்களுக்கு இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். என்ன செய்யலாம்? திரும்பி வரும்போது இடைவெளி 4 மணி நேரம். அப்போதும் வெளியே போகலாமா?

பதில்:

வணக்கம் சார். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது நடக்காது. மாப்பிள்ளை சொல்வதுபோல நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். காலையில் ஒரே ஒரு தடவை வெளியே போங்கள், ஒரே ஒரு தெருவைப் பாருங்கள், மதியச் சாப்பாட்டோடு திரும்பிவிடுங்கள். அதற்கப்புறம் ஏர்போர்ட்டுக்குள்ளேயே ஓர் அறை எடுத்துப் படுத்துத் தூங்குங்கள். திருச்சியில் என்னிடம் டிக்கெட் போட வருகிறவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோர்தான். அவர்களுக்கெல்லாம் சொல்வதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பட்டியலை முடித்துவிடுவோம். நைட் சஃபாரி பெயருக்கேற்ப இரவில்தான், 7 மணிக்கு மேல்தான் களைகட்டும். அந்த நேரத்தில் நீங்கள் போர்டிங் கேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருக்க வேண்டும். கார்டன்ஸ் பை த பே பூங்காவில் ராட்சத மரங்களுக்கு விளக்குப் போட்டுக் காட்டுவதும் இரவு 7:45க்குத்தான். யுனிவர்சல் ஒரு முழு நாளையும் விழுங்கிவிடும், அதுவும் பாதி நேரம் வரிசையில் நிற்பதிலேயே போகும். சென்டோசா வெயிலில் நடக்கிற இடம். அம்மாவின் முழங்காலை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்யப் போகிறீர்கள்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நீங்கள் இறங்கும்போது சிங்கப்பூர்க் கடிகாரத்தில் 7:30, ஆனால் உடம்புக்கு அது விடியற்காலை 5 மணி. இரண்டரை மணி நேர வித்தியாசம். முந்தின இரவு கும்பகோணத்திலிருந்து கார், திருச்சியில் செக்-இன் வரிசை, விமானத்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்தபடியே அரைத் தூக்கம். இதற்கு மேல் அன்று இரவு மெல்பர்னுக்கு ஏழரை மணி நேரம் உட்கார வேண்டும். இடையில் படுக்கை என்று ஒன்று இல்லாமல் போனால், போய்ச் சேரும்போது மகளுக்கு உதவி செய்வது இருக்கட்டும், மகள்தான் உங்களைக் கவனிக்க வேண்டியிருக்கும்.

சரி, வெளியே போக முடியுமா என்பதைப் பார்ப்போம். இது இரண்டு விஷயத்தைப் பொறுத்தது.

ஒன்று, டிக்கெட். திருச்சியிலிருந்து மெல்பர்ன் வரை ஒரே பதிவாக, ஒரே பிஎன்ஆர் எண்ணில் இருக்கிறதா, அல்லது திருச்சி-சிங்கப்பூர் தனி, சிங்கப்பூர்-மெல்பர்ன் தனி என்று விலை பார்த்து யாராவது பிரித்துப் போட்டார்களா என்று பாருங்கள். ஒரே பதிவு என்றால் பெட்டிகள் பொதுவாக நேரே மெல்பர்ன் போய்விடும். திருச்சி கவுண்டரில் பெட்டிக்கு ஒட்டுகிற நீளத் துண்டுச்சீட்டில் மூன்று எழுத்து பெரிதாக அச்சாகியிருக்கும். எம்-இ-எல் என்று இருந்தால் மெல்பர்ன். எஸ்-ஐ-என் மட்டும் இருந்தால் பெட்டி சிங்கப்பூரோடு நின்றுவிடும் என்று அர்த்தம். கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் அதைப் பார்த்து, சந்தேகமிருந்தால் அங்கேயே கேளுங்கள். உங்களிடம் தருகிற சிறு துண்டையும் பத்திரப்படுத்துங்கள். இரண்டாவது விமானத்துக்கும் போர்டிங் பாஸ் கொடுத்தார்களா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

தனித்தனி டிக்கெட் என்றால் கதையே வேறு. பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய நீங்கள் சிங்கப்பூருக்குள் நுழைந்தே ஆக வேண்டியிருக்கும். அப்படியானால் இந்தப் பதிலை மூடி வைத்துவிட்டு முதலில் சிங்கப்பூர் விசா எடுங்கள். அதை அங்கீகாரம் பெற்ற முகவர்கள் மூலம் விண்ணப்பிக்கலாம், நேரில் போய் நிற்க வேண்டியதில்லை.

இரண்டு, விசா. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணமாக சிங்கப்பூர் விசா வேண்டும். ஆனால் ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் ஒன்றின் விசா வைத்துக்கொண்டு சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்களை 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் உள்ளே விடுகிற ஒரு சலுகை உண்டு. விசா இன்னும் ஒரு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், உறுதியான அடுத்த விமான டிக்கெட் கையில் இருக்க வேண்டும். உங்களிடம் இரண்டும் இருக்கிறது. இதற்குத் தனியாக விண்ணப்பம் கிடையாது. இமிக்ரேஷன் கவுண்டரில் கேட்பதுதான். விடுவதும் விடாததும் அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் முடிவு. உங்களைப் போன்ற வயதான தம்பதி, மகளைப் பார்க்கப் போகிறவர்கள், அன்றிரவே அடுத்த விமானம் என்றால் பெரும்பாலும் ஒரு பிரச்சினையும் இருக்காது. ஆனாலும் உரிமை என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

ஆஸ்திரேலிய விசா பாஸ்போர்ட்டில் ஒட்டி வருவதில்லை என்பது உங்களுக்கே தெரியும், மின்னஞ்சலில் ஒரு கடிதமாகத்தான் வந்திருக்கும். அதைக் காகிதத்தில் அச்செடுத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கொரு பிரதி. மெல்பர்ன் டிக்கெட்டையும் அச்செடுங்கள். போனில் இருக்கிறதே என்பீர்கள். கவுண்டரில் நிற்கும்போது வைஃபை பிடிக்காமல், கண்ணாடியைத் தேடி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிற அந்த இரண்டு நிமிடப் பதற்றம் உங்களுக்கு வேண்டாம்.

சிங்கப்பூருக்குள் நுழைகிறவர்கள் எல்லோரும் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும். இது முழுக்க இலவசம். கூகிளில் தேடினால் பணம் கேட்கிற போலித் தளங்களும் வரும். சிங்கப்பூர் அரசின் குடிநுழைவு ஆணையமான ஐசிஏவின் தளத்தில் மட்டும் நிரப்புங்கள். அதில் மின்னஞ்சல் முகவரி கேட்கும் இடத்தில் உங்களுடைய சொந்த முகவரியையே கொடுங்கள், டிக்கெட் போட்ட கடைக்காரருடையதை அல்ல. அங்கே இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்க அனுமதி என்ற விவரம் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும்.

சக்கர நாற்காலி பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் மகள் கட்டாயம் போட்டிருப்பார். நல்லதுதான், திருச்சியிலும் மெல்பர்னிலும் அது பெரிய உதவி. சிங்கப்பூரில் மட்டும் ஒரு சிக்கல். நாற்காலியைத் தள்ளி வருகிற ஊழியர் உங்களை அடுத்த விமானத்துக்கான பயணி என்றே நினைப்பார். பெரும்பாலும் சக்கர நாற்காலிப் பயணிகளுக்கென்று இருக்கிற காத்திருப்பு இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவார். நம் ஆட்கள் கூச்சப்பட்டுக்கொண்டு அங்கேயே 10 மணி நேரம் உட்கார்ந்துவிடுவார்கள். விமானத்தை விட்டு இறங்கியதுமே, "நாங்கள் இமிக்ரேஷன் முடித்து வெளியே போகிறோம், மாலையில் திரும்பி வந்து மறுபடி உதவி கேட்போம்" என்று சொல்லிவிடுங்கள். இங்கிலீஷில் சொல்லத் தயக்கமாக இருந்தால் மகளிடம் சொல்லி ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த நாளுக்கு வருவோம். இறங்கி, முகம் கழுவி, இமிக்ரேஷன் தாண்டி வெளியே வர எப்படியும் எட்டரை, ஒன்பது ஆகிவிடும். அவசரப்படாதீர்கள், காலை நேரத்தில் நகரத்துக்குப் போகிற ரயிலில் அலுவலகக் கூட்டம் நெரியும். ஏர்போர்ட்டிலேயே காபி குடித்து, அம்மா மாத்திரை போட்டு, ஏதாவது சாப்பிட்டுவிட்டு 9 மணிக்கு மேல் கிளம்புங்கள். கைப்பையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், பொருள்களைப் பாதுகாத்து வைக்கிற கவுண்டர் இருக்கிறது, கட்டணம் உண்டு. பாஸ்போர்ட், மருந்து, குடை, தண்ணீர், இவ்வளவும் ஒரு சின்னப் பையில் போதும்.

எங்கே போவது? எல்லோரும் லிட்டில் இந்தியா என்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை. அங்கே ஒரு மணி நேரம் நடந்தால், சுத்தமாகக் கூட்டிப் பெருக்கிய நம் ஊர்க் கடைத்தெருவில் நடந்ததுபோல இருக்கும். கும்பகோணத்துக்காரருக்கு அதைக் காட்ட சிங்கப்பூர் வேண்டுமா? நான் சொல்வது சைனாடவுனில் இருக்கிற சவுத் பிரிட்ஜ் ரோடு. அங்கே ஸ்ரீ மாரியம்மன் கோயில் இருக்கிறது. 1827இல் தொடங்கியது, சிங்கப்பூரிலேயே பழைய இந்துக் கோயில். பினாங்கிலிருந்து 1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸுடன் வந்து செங்கல் சூளை போட்ட நாராயண பிள்ளை என்பவர்தான் இதற்கு மூலகாரணம். முதலில் மரமும் ஓலையுமாக இருந்தது, பிறகு செங்கல் கட்டடமானது. கப்பலில் வந்திறங்கிய நம் ஆட்களுக்கு ஒரு வேலை கிடைக்கும் வரை தலைசாய்க்க இடம் கொடுத்ததும் இந்தக் கோயில்தான். 2023 பிப்ரவரியில் கும்பாபிஷேகம் நடந்தது. சுற்றிலும் சீன மருந்துக் கடைகளும் சிவப்பு விளக்குத் தோரணங்களும், நடுவில் நம் ஊர்க் கோபுரம். கோபுரத்தின் பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள் வானத்தை மறைத்து நிற்கும். அந்த ஒரு காட்சிக்காகவே போகலாம்.

அதே தெருவில் சில அடி தூரத்தில் ஜாமியா பள்ளிவாசல். சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள், அதாவது சூலியாக்கள், கட்டியது. 1830களில் எழுந்த கட்டடம். இரண்டு பக்கமும் மினார் நிற்கும் அதன் முகப்பு சாலையிலிருந்தே தெரியும். எதிர்த்திசையில் நடந்தால் 2007இல் திறந்த புத்தர் பல் கோயில், சிவப்பும் பொன்னுமாகப் பெரிய மாளிகை. மூன்றும் ஒரே தெருவில், நிதானமாக நடந்தாலும் பத்து நிமிடத் தொலைவுக்குள் இருக்கின்றன. உங்கள் பக்கத்து ஊரான நாகூரின் பெயரில் ஒரு தர்காவும் அந்தப் பகுதியில், தெலோக் ஆயர் தெருவில் உண்டு. 1830 வாக்கில் கட்டியது. ஆனால் அது இன்னும் கொஞ்சம் நடை. அம்மாவின் கால் ஒத்துழைத்தால் மட்டும்.

காலையிலேயே போகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்: மாரியம்மன் கோயில் நம் ஊர்க் கோயில்கள் மாதிரியே உச்சிக்கு நடை சாத்திவிடும். பகல் 12 மணிக்குச் சாத்தினால் மாலை 6க்குத்தான் திறப்பார்கள். முதலில் தூங்கிவிட்டு மத்தியானம் போகலாம் என்று நினைத்தால் பூட்டிய கதவைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். அதோடு, பூமத்தியரேகைக்குப் பக்கத்து ஊர், மத்தியானம் வெயிலும் புழுக்கமும் வாட்டும், திடீரென்று மழையும் கொட்டும். இன்னொன்று, வெளியே போகிற வேலையை முதலில் முடித்துவிட்டால், எங்காவது தாமதமானாலும் சமாளிக்கக் கையில் நேரம் மிச்சமிருக்கும்.

போக ரயில், வர டாக்சி. இதை மாற்றிச் செய்யாதீர்கள். சாங்கி விமான நிலைய ரயில் நிலையம் டெர்மினல் 2க்கும் 3க்கும் அருகில் இருக்கிறது. டெர்மினல் 1இலிருந்து ஸ்கைட்ரெய்ன் என்ற குட்டி ரயிலில் போய்விடலாம், கட்டணமில்லை. அங்கிருந்து ஒரே நிறுத்தம், எக்ஸ்போ. அங்கே இறங்கி, நீல நிற டவுன்டவுன் பாதையில் புக்கிட் பாஞ்சாங் என்று போட்டிருக்கிற திசையில் ஏறினால் நேரே சைனாடவுன், வேறு மாறுதல் கிடையாது. முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். டிக்கெட் எடுக்க வேண்டாம். வெளிநாட்டில் பயன்படுத்தும் வசதி செய்து வைத்த, தொட்டுப் பணம் கட்டுகிற விசா அல்லது மாஸ்டர் வகை வங்கிக் கார்டு இருந்தால் நுழைவாயிலில் அதைத் தொட்டு உள்ளே போகலாம், இறங்கும்போது மறுபடி தொட வேண்டும். ஒருவர் ஒரு கார்டு, இரண்டு பேருக்கு ஒரே கார்டு வேலை செய்யாது. பயணத்துக்கு இரண்டு, மூன்று டாலர் ஆகும். ஒரு சிங்கப்பூர் டாலர் 60 ரூபாய்க்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலுக்குள் சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, 500 டாலர் வரை அபராதம் போடுவார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால்தான் ஏறுவதற்கு முன்பே சாப்பிடச் சொன்னேன். நடுவில் படபடப்பாக இருந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, டிக்கெட் வாயிலுக்கு வெளியே வந்து ஏதாவது வாயில் போட்டுக்கொண்டு அடுத்த வண்டியைப் பிடியுங்கள். எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு. எஸ்கலேட்டர் நம் ஊரைவிட வேகமாக ஓடும், முழங்கால் வலிக்காரர்கள் லிஃப்டையே தேடிப் போவது நல்லது. சைனாடவுனில் ஏ என்று போட்ட வழியாக வெளியே வந்தால் பகோடா தெரு. அதன் மறுமுனையில்தான் மாரியம்மன் கோயில்.

சாப்பாட்டுக்கு, புத்தர் பல் கோயிலுக்கு எதிரே மேக்ஸ்வெல் உணவு அங்காடி இருக்கிறது. ஹாக்கர் கடை என்கிற, சிங்கப்பூரின் இந்தச் சின்னச் சாப்பாட்டுக் கடைக் கலாச்சாரத்தை 2020இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் சைவக்காரர்களுக்கு அங்கே அதிகம் கிடைக்காது, கோழி வாசனைதான் தூக்கும். ஒரு சுற்று பார்த்துவிட்டு, கரும்புச் சாறோ இளநீரோ (அம்மாவுக்குக் கரும்புச் சாறு வேண்டாம்) குடித்துவிட்டு வாருங்கள். வயிற்றுக்கு நீங்கள் கட்டிக்கொண்டு போகிற புளியோதரையே துணை. அதை எப்படியும் மெல்பர்னுக்கு முன் தீர்த்தாக வேண்டும், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

பன்னிரண்டரை வாக்கில் டாக்சி பிடித்து, "சாங்கி டெர்மினல் ஒன்" என்று சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடுவார். மீட்டர் காட்டுவதைக் கொடுத்தால் போதும், பேரம் கிடையாது. விமான நிலையத்தில் ஏறினால்தான் அதற்கென்று கூடுதல் கட்டணம் சேர்ப்பார்கள். நகரத்திலிருந்து ஏர்போர்ட்டுக்கு வரும்போது அது இல்லை. கால் களைத்திருக்கிற நேரமும் இதுதான். அதனால்தான் வரும்போது டாக்சி என்றேன்.

டெர்மினல் 1ஐ ஒட்டியே ஜுவல் என்ற வணிக வளாகம் இருக்கிறது. 2019இல் திறந்தது, மோஷே சாஃப்டி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. கண்ணாடிக் கூரையின் நடுவிலிருந்து 40 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கொட்டுகிறது, கட்டடத்துக்குள் இருக்கிற அருவிகளில் உலகத்திலேயே உயரமானது. காலையில் இறங்கியவுடனே ஓடிப்போய்ப் பார்க்காதீர்கள். விடிந்ததும் தண்ணீர் திறக்க மாட்டார்கள், முற்பகலுக்கு மேல்தான். நீங்கள் மதியம் திரும்பும்போது நன்றாகக் கொட்டிக்கொண்டிருக்கும். சுற்றி உட்கார இடம் உண்டு, அரை மணி நேரம் உட்காருங்கள். டெர்மினல் 1 செக்-இன் கூடத்தில் செம்பு பூசிய 1,216 துளிகள் கம்பியில் தொங்கி மழைபோல ஏறி இறங்கும். அதையும் போகிற போக்கில் பார்த்துவிடலாம்.

அப்புறம் மறுபடி இமிக்ரேஷன் தாண்டி உள்ளே போய்த் தூங்குங்கள். டெர்மினல் 1இன் உள்பக்கத்தில் ஏரோடெல் என்று மணிக்கணக்கில் அறை தருகிற ஓட்டல் இருக்கிறது. முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். நேரில் போய்க் கேட்டால் நிறைந்துவிட்டது என்பார்கள். பணம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் இந்தப் பயணத்தில் எதற்காவது கையைத் தாராளமாக விடுவதென்றால் இதற்கு விடுங்கள். இரண்டு பேரும் குளித்து, காலை நீட்டிப் படுத்து, மூன்று மணி நேரம் தூங்கி எழுந்தால் இரவு விமானம் பாரமாகத் தெரியாது. போனில் அலாரம் வைக்கும்போது கடிகாரம் சிங்கப்பூர் நேரத்துக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கைக்கடிகாரம் தானாக மாறாது. அறை வேண்டாம் என்றால் சாய்ந்து படுக்கிற இருக்கைகள் இலவசமாகவே இருக்கின்றன, ஆனால் காலியாக இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

கேட்டுக்கு 7:30க்கே போய்விடுங்கள். சாங்கியில் டெர்மினல் 1இல் பாதுகாப்புச் சோதனை கேட் வாசலில்தான் நடக்கும். பெட்டியைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி, அந்த வரிசை நகர நேரமாகும். தண்ணீர் பாட்டிலை அங்கே காலி செய்யச் சொல்வார்கள், அதனால் மாத்திரைகளை அதற்கு முன்பே போட்டுக்கொள்ளட்டும்.

இதெல்லாம் வேண்டாம், யாராவது கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் தேவலை என்றால், அதற்கும் ஒரு வழி உண்டு. ஐந்தரை மணி நேரத்துக்கு மேல், 24 மணி நேரத்துக்குள் காத்திருக்கும் பயணிகளுக்குச் சாங்கி விமான நிலையமே இலவசமாக பஸ்ஸில் சுற்றிக் காட்டுகிறது, இரண்டரை மணி நேரம். முன்பதிவு செய்துகொள்ளலாம். சிங்கப்பூருக்குள் நுழையும் தகுதி இதற்கும் வேண்டும். பஸ் அவர்கள் நிறுத்துகிற இடத்தில் நின்று, அவர்கள் சொல்கிற நேரத்தில் கிளம்பிவிடும், கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டு நிற்க நேரம் இருக்காது. ஆனால் வழி தவறும் பயம் இல்லை. இது முதல் பயணம் என்பதால் உங்கள் வீட்டம்மா தயங்கினால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள், மாப்பிள்ளைக்கும் நிம்மதி. அதை முடித்துவிட்டு மாரியம்மனுக்கும் ஓடிப் போய் வரலாம் என்று இரண்டையும் கோர்க்க மட்டும் வேண்டாம்.

திருச்சி விமானமே தாமதமாகி, 10 மணியாகியும் நீங்கள் இமிக்ரேஷன் வரிசையில்தான் நிற்கிறீர்கள் என்றால் நகரத்தை விட்டுவிடுங்கள். ஜுவலோடு நிறுத்திக்கொள்ளலாம். அதிகாரி உள்ளே விடவில்லை என்றாலும் பதற வேண்டாம். உங்கள் டிக்கெட்டுக்கோ ஆஸ்திரேலிய விசாவுக்கோ அதனால் ஒன்றும் ஆகாது, உள்பக்கத்துக்கே திரும்பி வந்துவிடலாம். அங்கே டெர்மினல் 3இல் பட்டாம்பூச்சித் தோட்டம் இருக்கிறது. டெர்மினல் 2க்கும் 3க்கும் இடையே ஓடுகிற ஸ்கைட்ரெய்ன் ஜுவலுக்குள்ளேயே புகுந்து போகும், கண்ணாடி வழியே அருவி தெரியும். இரண்டு தரம் போய் வாருங்கள், யாரும் கேட்கப் போவதில்லை.

இனி பையில் என்ன இருக்கக் கூடாது என்பது. வெற்றிலைப் பெட்டியில் புகையிலை இருந்தால் திருச்சியிலேயே விட்டுவிடுங்கள். மெல்லும் புகையிலை எந்த ரூபத்திலும் சிங்கப்பூருக்குள் கொண்டுபோகத் தடை. சூயிங் கம்மும் வேண்டாம். கசகசா வேண்டவே வேண்டாம், அங்கே அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. அம்மா பிரசவச் சாமான் பொட்டலங்களில் எங்காவது சேர்த்துக் கட்டியிருக்கிறாரா என்று ஒருமுறை பிரித்துப் பாருங்கள். சில தூக்க மாத்திரைகளுக்கும் கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் முன்அனுமதி வேண்டும், அப்படி ஏதாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் கேட்டு மாற்றுவது சுலபம். இன்சுலின் போடுகிறவர் என்றால் அது கைப்பையில்தான் இருக்க வேண்டும், டாக்டர் சீட்டோடு. நேர வித்தியாசத்துக்கு ஏற்ப எப்போது போடுவது என்பதையும் கிளம்பும் முன் அவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மெல்பர்னில் இறங்கும்போது உணவுப் பொருள் விஷயத்தில் மிகவும் கண்டிப்பு. விமானத்தில் தருகிற அட்டையில் உணவு, விதை, மூலிகை, பால் பொருள் இருக்கிறதா என்று கேட்பார்கள். லேகியம், சுக்கு, நெய், ஊறுகாய், வடகம் எதுவாக இருந்தாலும் "ஆம்" என்று போட்டுக் காட்டிவிடுங்கள். காட்டினால் அதிகபட்சம் எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம் பெரிது, விசாவையே ரத்து செய்யவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. மிச்சப் புளியோதரையை விமானத்திலேயே முடித்துவிடுங்கள்.

திரும்பி வரும்போது 4 மணி நேரம் என்கிறீர்கள். அப்போது நகரத்துக்குப் போகவே போகாதீர்கள். இறங்கி வெளியே வர ஒரு மணி, மறுபடி உள்ளே வந்து கேட்டுக்குப் போக ஒன்றரை மணி, நடுவில் என்ன மிச்சம்? போதாததற்கு, திரும்பும் பயணத்தில் அந்த 96 மணி நேரச் சலுகைக்கு வேறு நிபந்தனைகளும் சேர்ந்துகொள்ளும். உள்பக்கத்திலேயே இருந்து, பட்டாம்பூச்சித் தோட்டத்தைப் பார்த்துவிட்டுத் திருச்சி கேட்டுக்குப் போய்விடுங்கள். அந்தக் கேட்டில் எப்போதும் கூட்டம் முன்கூட்டியே சேர்ந்துவிடும்.